எண்பது மூடை வத்தை

நெற்கதிரைச் சூடு மிதிக்கும் எங்கள் களத்தில் ஒரு காலை எண்பது நெல் மூடைகளை அடுக்கினோம். விற்பதற்கு அல்ல, வீட்டுக்குள் ஏற்றவும் அல்ல. நடுப்பகுதி அகன்று, இரண்டு நுனியும் ஒடுங்கி வரும்படி, மூன்று மூடை உயரத்துக்கு அடுக்கச் சொல்லியிருந்தார் மருதை. அடுக்கி முடிந்ததும் ஒரு சிரட்டை நிறையச் சாம்பல் கொண்டுவந்து, குனிந்த குனியில் மூடைகளைச் சுற்றிக் கோடு போட்டார்.

போட்டு முடித்து நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "இம்புட்டுத்தாங்க ஐயா. இந்தக் கோட்டுக்கு வெளியில பலகை. வத்தை இம்புட்டுத்தான்" என்றார்.

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூடையை வைச்சு வத்தைக்கு அளவெடுக்கிற ஆள் உலகத்திலை நீர் ஒருத்தர்தான் மருதை."

"சட்டை தைக்கிறவன் ஆளை அளக்காம வேற என்னத்த ஐயா அளக்கிறது?"

கோழிகள் சாம்பல் கோட்டைக் கிளறத் தொடங்கின. மருதையின் மனைவி லெட்சுமி அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினாள். மகள் கோகிலா, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை, தகப்பனின் முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றாள். கயிற்றைத் தொய்ய விடாமல் பிடிப்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அதை அவள் முகத்தில் பார்த்தேன்.

இந்த வார இதழுக்குக் குறிப்புகள் எழுத ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இந்த ஒரு கிழமையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். மாட்டைப் பற்றி எழுதினேன், மழையைப் பற்றி எழுதினேன், மாமியாரைப் பற்றிக்கூட எழுதிவிட்டேன். இனித் தள்ளிப் போட ஒன்றும் மிச்சமில்லை.

ஏன் வத்தை?

வத்தை என்பது சரக்கு ஏற்றும் பெரிய வள்ளம். கிளிநொச்சிப் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீரை நம்பி வயல் செய்கிற குடியேற்றவாசிகளான எங்களுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. போக்குவரத்து எல்லாம் நடுவில் கிடந்த கடல்நீரேரி வழியாகத்தான். எங்கள் பக்கம் நெல் குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் எங்கள் சொந்தச் சனம் அரிசிக்கு வரிசையில் நின்றது. இருந்த வள்ளங்களோ ஆட்களை ஏற்றவே காணாது. அதனால் எங்கள் குடியேற்றத்தில் நாலு குடும்பம் சேர்ந்து, நெல்லுக்கென்றே ஒரு வத்தை கட்டுவது என்று முடிவெடுத்தோம்.

இது ஊருக்குச் சொன்ன காரணம். எனக்கு மட்டும் வேறொன்று இருந்தது. என் மூத்தவள் வதனி அந்தப் பக்கம், புகுந்த வீட்டில், ஏழு மாதம். தலைப்பிள்ளை. தாய் வீட்டில் பெறவேண்டிய பிள்ளை. வயிற்றுப் பிள்ளைக்காரியை நெரிசலான சின்ன வள்ளத்தில் ஏற்ற எனக்கு மனமில்லை. நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பும் வத்தையில் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவரலாம் என்பது என் கணக்கு.

அதனால் அந்த வத்தையின் ஒவ்வொரு பலகையையும் நான் நாள் எண்ணியே பார்த்தேன்.

தேயிலைப் பெட்டி அடித்தவர்

மருதை கடலைக் கண்டவர் அல்ல. மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கே தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை. உள்ளே போகிற தேயிலைக்கு அளவாகத்தான் பெட்டி என்பது அவருக்கு அந்த வயதிலேயே கையில் ஊறிய பழக்கம். ஒரு கலவரத்துக்குப் பிறகு பெண்சாதியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். வந்த இடத்தில் மாட்டு வண்டி கட்டப் பழகினார். எங்கள் பகுதியில் ஓடிய வண்டிகளில் பாதி அவர் கை பட்டவை.

வயதில் அவர் என் கணவருக்கு மூத்தவர். ஆனாலும் இவர் அவரை "மருதை" என்பார், அவர் இவரை "ஐயா" என்பார். எனக்கு "அம்மா". அவர் எங்கள் விறாந்தையில் இருந்துதான் தேத்தண்ணி குடிப்பார், குசினிப் பக்கம் வரமாட்டார். அப்போது அது எங்களுக்கு உறுத்தவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கடற்கரையில் வள்ளம் கட்டும் ஓடாவிமார் இருந்தார்கள்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஓடாவி அந்த வருடம்தான் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போயிருந்தார். மற்றவர்களுக்குக் கை நிறைய வேலை. வேறு வழியில்லாமல் மருதையிடம் கேட்டோம்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. பூநகரிக் கரையில் ஒரு பழைய வத்தை உடைந்து கிடந்தது. அங்கே போய் மூன்று நாள் இருந்தார். அதன் விலாக்கட்டைகளைக் கயிற்றால் அளந்தார், பலகை பொருந்திய இடங்களை விரலால் தடவினார், கீழே படுத்து அடியைப் பார்த்தார். திரும்பி வந்து, "செய்யலாங்க. இதுவும் ஒரு பெட்டிதான். தண்ணி வெளியில இருக்கணும், அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றார்.

அந்த உடைந்த வத்தையின் அடியில் வேறென்ன இருந்திருக்கும் என்பதை வருடக்கணக்காய் அடித்த அலையும் மழையும் எப்போதோ கழுவிக்கொண்டு போயிருந்தன. அது அவருக்கு எப்படித் தெரியும்?

மரமும் ஆணியும்

மரம் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரத்திலிருந்து வந்தது. அடியில் ஓடும் நீளக் கட்டையை ஏரா என்பார்கள். அதற்குப் பாலை, பலகைக்கு வேம்பு. மரத்தை வெட்டி அடுக்கிவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது ஒரு தனியன் யானை வந்து, அந்த அடுக்கில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனதாம். கூடப் போனவர்கள் மரத்தில் ஏறிவிட்டார்கள். மருதை மட்டும் அடுத்த நாள் எங்களிடம், "ஆனையே பலகையைத் தட்டிப் பாத்துட்டுப் போயிருச்சுங்க. நல்ல மரம்" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

ஆணிதான் பெரும்பாடு. தடை இருந்ததால் இரும்புச் சாமான் எதுவும் வவுனியாவைத் தாண்டி வராது. பழைய வண்டிகளில் பிடுங்கினோம், உடைந்த கதவுகளில் பிடுங்கினோம், ஷெல் விழுந்த ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து பொறுக்கினோம். வளைந்த ஆணிகளைக் கோகிலா ஒரு கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவாள். நாள் முழுதும் அந்த டக் டக் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்கும் எங்காவது தட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு முதலில் அந்தக் களந்தான் நினைவுக்கு வரும்.

பலகை இடுக்குகளை அடைக்கப் பஞ்சு கிடைக்கவில்லை. நாலு வீட்டுப் பெண்களும் பழைய வேட்டிகளைக் கிழித்துத் திரித்தோம். இலுப்பெண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சி, அதில் திரியைத் தோய்த்து, இடுக்கில் வைத்து உளியால் அடித்து இறுக்கவேண்டும். அந்த வேலையில் லெட்சுமி கெட்டிக்காரி. களம் முழுக்கக் கோயில் வாசமாக இருக்கும். என் கணவரின் கலியாண வேட்டியும் அந்த வத்தைக்குள் போனது. அதைக் கிழித்தபோது இவர் முகம் போன போக்கை நினைத்துப் பல நாள் சிரித்திருக்கிறேன்.

வானத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவோம். வத்தையின் மேல் புளியமரமும் கிடுகுக் கூரையும் இருந்தன. மருதை கடைசியாக இறங்குவார். இறங்கியவுடன் மேலே எட்டிப் பார்ப்பார். எங்கள் வீடு நிற்கிறதா என்று நான் பார்ப்பேன், அவர் வத்தை நிற்கிறதா என்று பார்ப்பார்.

கரையில் நின்று பார்த்தவள்

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் குடாநாட்டின் கடலோர ஊரொன்றில் பிறந்தவள். பெரியப்பாவிடம் ஒரு வத்தை இருந்தது. கூரை ஓடும் புகையிலையும் ஏற்றிப் போகும், வரும். கலியாணம் கட்டி வயல் நாட்டுக்கு வந்த பிறகு, இந்தக் குடியேற்றத்தில் கடலைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான் என்று ஆகிவிட்டது. எந்த மீனில் முள் அதிகம் என்று கேட்பார்கள். சோளகக் காற்று எப்போது விழும் என்று கேட்பார்கள். "கடற்கரைக்காரியைக் கேளுங்கோ" என்று என் கணவரே பகிடியாகச் சொல்வார். கேட்கக் கேட்க, எனக்கும் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

உண்மை என்னவென்றால், எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் வள்ளத்தைத் தொடக்கூடாது. அதன் கயிற்றைக்கூடத் தாண்டக்கூடாது. பெரியப்பாவின் வத்தையை நான் கண்டதெல்லாம் கரையில் நின்றுதான். சரக்கோடு போகும்போது தாழ்ந்து போகும். திரும்பும்போது உயர்ந்து, லேசாய் ஆடி ஆடி வரும். "வெறும் வத்தை வருது" என்று கத்திக்கொண்டு கரை நெடுக ஓடுவோம். அதற்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க விடவும் மாட்டார்கள்.

வத்தை முடிந்தது. இரண்டு உழவு இயந்திர இழுவைப் பெட்டிகளை ஒன்றாகப் பிணைத்து, அதை நீரேரிக் கரைக்கு இழுத்துப் போனோம். நெல் மூடைகள் வேறொரு பெட்டியில் பின்னால் வந்தன. கரையில் ஒரு கொட்டிலில் தங்கினோம். வதனிக்கு எட்டு மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

அன்று பின்னேரம் மருதை என்னைத் தேடி வந்தார். நான் அடுப்புக்கு விறகு முறித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"என்ன மருதை?"

"புது வண்டின்னா மொதல்ல வெறுமனேதான் ஓட்டுவோம். பாரம் ஏத்த மாட்டோம். கட்டினவன் மட்டும் தனியா ஏறி ஒரு சுத்து வரணும். அது எங்க வழக்கம். வத்தைக்கும் அப்படிச் செய்யலாமா? இல்ல, மூடையை ஏத்திட்டுத்தான் விடணுமா? வெறும் வத்தை தண்ணில நிக்குமாங்க? நீங்க கடல் பக்கம் பொறந்தவங்க."

எனக்குத் தெரியாது. அதை இன்று எழுதுவது எவ்வளவு இலகுவாக இருக்கிறது. தெரியாது என்ற ஒரு சொல். சொல்லியிருந்தால் அவர் அந்தக் கரையில் குடியிருந்த மீன்பிடிக்காரரில் ஒருவரைத் தேடிப் போயிருப்பார். அவர்கள் இரண்டு நாள் தொழிலுக்குப் போயிருந்தார்கள், வரும்வரை காத்திருந்திருப்பார். அந்த இரண்டு நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. காலையில் வத்தையை விட்டுப் பார்த்தால், பகலில் மூடை ஏற்றலாம், பொழுது சாய வெளிக்கிடலாம், மறுநாள் என் பிள்ளை என்னிடம் வந்துவிடுவாள்.

பெரியப்பாவின் வத்தை ஆடி ஆடி வந்ததும் என் கண்ணுக்குள் நின்றது.

"ஓம் மருதை, நிக்கும். எங்கட ஊரிலை வெறும் வத்தைதானே திரும்பி வாறது. நான் எத்தினை தரம் பாத்திருக்கிறன். பயப்பிடாமல் விடுங்கோ" என்றேன்.

முகம் தெளிந்துவிட்டது அவருக்கு. "அம்மாவே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்று சொல்லி, நான் முறித்து வைத்த விறகையும் அள்ளிக்கொண்டு வந்து அடுப்படியில் போட்டுவிட்டுப் போனார்.

வத்தை விட்ட காலை

விடிந்தும் விடியாத பொழுதில், வானம் தெளிவதற்கு முன் விட்டுவிடவேண்டும் என்று ஏற்பாடு. பனங்குற்றிகளைக் கீழே உருளவிட்டு வத்தையைத் தள்ளினார்கள். வண்டிச் சில்லுக்கு வைப்பது போல ஏராவின் கீழே இரண்டு தேசிக்காய் வைத்து நசுக்கினார் மருதை. லெட்சுமி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பாய்மரத்தின் உச்சியில், சுருட்டிய பாய்க்கு மேல், கோகிலா கட்டிய மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது.

வத்தை மிதந்தது. ஆண்கள் நெஞ்சளவு தண்ணீர் வரைக்கும் தள்ளிப்போய், கைவிட்டு விலகி நின்றார்கள். மருதை ஏறினார். வாழ்க்கையில் முதல்முறையாக உப்புத் தண்ணீரில் கால் வைத்த மனிதர், தனியாக, தான் கட்டிய வத்தைக்குள் நின்றார்.

நாங்கள் பெண்கள் கரையில். மற்றப் பெண்கள் கூப்பிய கையை எடுக்கவில்லை. நான் மட்டும் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் பிள்ளை இருந்த பக்கம்.

அவர் குனிந்து ஒவ்வொரு இடுக்காகத் தடவிக்கொண்டு போனார். முன்னுக்கிருந்து பின்னுக்கு, ஒரு பக்கம் முழுவதும். பிறகு மற்றப் பக்கத்துக்கு வந்து, அதன் விளிம்பைப் பிடித்து எழும்பி, இரண்டு கையையும் எங்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க ஐயா! ஒரு சொட்டு இல்ல!"

கரையில் எல்லோரும் ஆரவாரம் செய்தோம். அந்த நேரம் பார்த்துச் சோளகம் ஒருதரம் தள்ளியது. பெரிய காற்று என்று சொல்லமுடியாது, என் சேலைத் தலைப்பு தோளிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். வத்தை மெல்லச் சரிந்தது. திரும்பவும் நிமிரும் என்று நினைத்தேன், பெரியப்பாவின் வத்தை எப்போதும் நிமிர்ந்துவிடும். இது நிமிரவில்லை. பாய்மரம் தண்ணீரில் அடித்தது. வத்தை அவர் மேல் குப்புறக் கவிழ்ந்தது.

நெஞ்சளவு தண்ணீர்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சுற்றி நின்றார்கள். பாய்மரம் சேற்றில் குத்திக்கொண்டதால் புரட்ட முடியவில்லை. எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. லெட்சுமி கழுத்தளவு தண்ணீரில் போய் நின்று பலகையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தும் யாரோ அடித்ததாக அவள் பிறகு சொன்னாள். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை.

அவரைக் கரையில் கிடத்தியபோது கோகிலா அழவில்லை. அளவுக் கயிறு அவர் இடுப்பில் கட்டியபடி இருந்தது. அவள் அதன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரையும் கேட்டிருக்கலாம்"

தொழிலுக்குப் போன மீன்பிடிக்காரர் மறுநாள் வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் வத்தையைச் சுற்றிப் பார்த்தார். நல்ல வேலை என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"அடிப்பாரம் எங்கை? வெறும் வத்தைக்கு அடியிலை மண் மூடை போடாமல் ஆர் விட்டது?"

அப்போதுதான் தெரிந்தது. சரக்கை இறக்கியதும் அடிப் பலகைக்குக் கீழே மண்ணையோ கல்லையோ நிரப்பிக்கொண்டுதான் வத்தை திரும்பும். வெறும் வத்தை என்று ஒன்று இல்லவே இல்லை. கரையில் நின்ற சின்னப் பெட்டைக்கு அந்த மண் தெரிந்திருக்க வழியில்லை.

எண்பது மூடை நெல் அறுபது அடி தள்ளி இழுவைப் பெட்டியில் இருந்தது. அதில் இருபது மூடையை உள்ளே போட்டிருந்தால் காணும்.

என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "சீ, பாவம் மருதை. ஆரையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. ஒவ்வொருவராகத் தேத்தண்ணி கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. அன்று திறக்காத வாய் பிறகு இன்னும் இறுகிப்போனது.

ஊர் கதைக்கத் தொடங்கியது. வண்டி கட்டுகிறவனுக்கு வத்தையைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். தெரியாத வேலையில் கை வைத்துத் தன் உயிரையும் விட்டான் என்றார்கள். இரக்கத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் சொன்னார்கள். கோகிலாவுக்கு வந்த ஒரு சம்பந்தம், மாப்பிள்ளையின் தகப்பனும் தச்சர், அந்தக் கதையாலேயே தட்டிப்போனது. அவள் தகப்பனின் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, கேட்டவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"எங்கப்பா தெரியாத வேலைய ஏன் ஒத்துக்கிட்டாரு?" என்று ஒருநாள் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். "விதி பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

வத்தையை நிமிர்த்தி, அடியில் மண் மூடை போட்டு, பதினைந்தாம் நாள் நெல்லை ஏற்றி அனுப்பினோம். திரும்பும்போது அது வதனியைக் கொண்டுவந்தது. பாயில் படுத்தபடி, தலைக்குத் தலையணை வைத்து, நான் நினைத்தபடியே வந்து இறங்கினாள். பேரன் பிறந்தான். பிள்ளை பார்க்க லெட்சுமியும் வந்தாள். அவள் கையில் பிள்ளையைக் கொடுத்தேன். அவள் அவனை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

உடையார்கட்டில் ஒரு மத்தியானம்

சில வருடத்தில் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. நாங்களும் வீட்டை, களத்தை, புளியமரத்தை விட்டு உடையார்கட்டு என்ற ஊரில் ஒரு காணித் துண்டில் வந்து விழுந்தோம். பத்து அடி தள்ளி லெட்சுமியின் கொட்டில். கோகிலா அதற்கு முன்பே ஒருவரைக் கட்டி, அவரோடு வவுனியாவுக்குப் போய், அங்கே ஒரு முகாமில் இருப்பதாகக் கேள்வி.

ஒரு மத்தியானம் நானும் லெட்சுமியும் கிடுகு பின்னிக்கொண்டிருந்தோம். மழை வருவதற்கு முன் கூரை வேயவேண்டும். என் கணவர் அதற்கு முந்தின மாதம்தான் காய்ச்சலில் போயிருந்தார். விதவைகள் இருவரும் ஒரே ஓலையின் இரண்டு பக்கத்தில். இனி யாருக்குப் பயந்து மறைக்கிறேன் என்று தோன்றியது. பின்னுவதை நிறுத்தினேன்.

"லெட்சுமி, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு முதல் நாள் மருதை என்னட்டை வந்து..."

"தெரியுங்கம்மா" என்றாள்.

அவள் கை பின்னிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கே சொன்னாருங்க. 'அம்மாகிட்ட கேட்டுட்டேன், நிக்கும்னுட்டாங்க, பயமில்ல'ன்னாரு. நல்லாத் தூங்குனாரு அன்னைக்கு."

எத்தனை வருடம். நாற்று நட, களை எடுக்க, சூடு மிதிக்க, என் வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் வந்து நின்றவள். என் பேரனைத் தூக்கி வளர்த்தவள்.

"ஏனடி ஒரு நாளும் கேக்கேல்லை என்னை?"

"கேட்டா அவரு எந்திரிச்சு வந்துருவாரா? நீங்களும் வேணும்னா சொன்னீங்க?" அடுத்த ஓலையை மடித்தாள். "ஆனா நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா. ஊரே அவருக்கு வேல தெரியாதுன்னுச்சு. அப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். புள்ளைக்கு வந்த சம்பந்தம் போச்சு. அப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. பின்னி முடித்த கிடுகைத் தள்ளி வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்னங்க? கோகிலாகிட்டச் சொல்லுங்க. அவ அப்பனத்தான் குத்தம் சொல்லிக்கிட்டுத் திரியுறா" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். வவுனியாவுக்குப் போகிற ஒருவரிடம் கடிதம் கொடுத்தேன். அந்த முதல் கடிதத்தில் சுகம் விசாரித்தேன், தாயின் இருமலைப் பற்றி எழுதினேன், கிடுகின் தட்டுப்பாட்டைப் பற்றிக்கூட எழுதினேன். எழுதவேண்டியதை எழுதவில்லை. அதற்குக் கோகிலா பதில் போட்டிருந்தாள், இரண்டு வரி. இரண்டாவது கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அது போவதற்குள் அவர்களை முகாமிலிருந்து வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். கடிதம் அழுக்கேறி, மடிப்புக் கிழிந்து, என்னிடமே திரும்பி வந்தது. அந்த மாரியில் லெட்சுமியும் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைக்கப் பக்கத்துக் கொட்டில்காரர் ஒருவர்தான் நின்றார்.

இந்த வார இதழ் எங்கெங்கோ போகிறது என்கிறார்கள். பழைய இதழில் கடைக்காரர் சுற்றிக் கொடுக்கிற பருப்போடுகூட ஒரு வீட்டுக்குள் போகலாம். அதனால் மிச்சத்தை அந்த ஒருத்திக்கு எழுதுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோகிலா, உன் அப்பா யாரையும் கேட்காமல் விடவில்லை. கேட்டார். என்னிடம்தான் கேட்டார். தெரியாத நான் தெரியும் என்றேன், என் பிள்ளை கெதியாய் வந்து சேரவேண்டும் என்று. அவர் சாகும்போது நம்பியிருந்தது என் சொல்லை. நீ நிமிர்த்திக் கொடுத்த ஆணியும், உன் அம்மா அடித்த திரியும், அவர் பொருத்திய பலகையும் இருந்த அந்த வத்தை, பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் நீரேரியில் போய் வந்தது. எங்கள் நெல்லைக் கொண்டுபோனது, என் மகளைக் கொண்டுவந்தது, இன்னும் எத்தனையோ பேரின் பிள்ளைகளைக் கொண்டுவந்தது.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை, பிள்ளை.